ரயிலா, டாக்சியா? தனுஷ்கோடியிலிருந்து ஒரு விமானத்தைத் துரத்திய கதை

என் தகப்பனாரைக் கொழும்பிலிருந்து ஊருக்கு அழைத்து வருவது சுலபமான காரியம் என்று சொன்னவர்கள் யாரும் அவரோடு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டதுகூட இல்லை. அய்யா அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவர் முதன்முதலில் கப்பலேறியபோது புதுக்கோட்டை தனி ராஜ்யம். ராஜா இருந்தார், அம்மன் காசு இருந்தது. இப்போது திருச்சி ஜில்லாவில் ஒரு மூலை. தன்னைக் கேட்காமல் சேர்த்துவிட்டார்கள் என்ற வருத்தம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

என் தங்கை லூர்தும் அவரைக் கேட்காமல்தான் செய்தாள். ஆவூர்ப் பக்கம் நிலபுலத்தோடு அய்யா ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்க, அவள் போய் மடத்தில் சேர்ந்து கன்னியாஸ்திரீ ஆனாள். அன்றிலிருந்து அவளோடு பேச்சுவார்த்தை இல்லை. பிடிவாதத்தில் அவளும் அவர் மகள்தானே, நர்ஸ் வேலை படித்து, ஆப்பிரிக்காவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று நிற்கிறாள். போனால் எப்போது திரும்புவாள் என்பது மடத்துக்கே தெரியாது. மெட்ராஸில் கப்பலேறுவதாகவும், அதற்குள் அய்யாவை ஒரு தடவை கண்ணில் காட்டும்படியும் எனக்குச் சொல்லி அனுப்பினாள். பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டுக் கொழும்புக்குப் போனேன். டிக்கெட், விசா வாங்கிய கதையைச் சொல்லி உங்களைத் தூங்க வைக்க விரும்பவில்லை.

கொழும்பு அழகான ஊர். தெருக்கள் சுத்தமாக இருக்கின்றன. தேநீரில் தேயிலை போடுகிறார்கள். நம் ஊர்க் கடைக்காரர்கள் இதை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். காலையில் இடியப்பமும் சம்பலும், மத்தியானம் சோறும் சம்பலும், ராத்திரி ரொட்டியும் சம்பலும் கொடுத்தார்கள். அய்யா என்னைக் கண்டதும் பூரித்துப் போனார். லூர்து பேரைச் சொன்னதும் கடையில் ஏதோ வேலை இருப்பதாக எழுந்து போனார். மறுநாளும் போனார். அதற்கு அடுத்த நாள் நான் ஒன்றும் சொல்லாமல் பெட்டியைக் கட்டினேன்.

"எங்கிட்டுக் கெளம்பிட்டே செபஸ்தி?"

"ஊருக்குப் போறேன் அய்யா. லூர்து கெளம்புறதுக்குள்ள நானாச்சும் பாக்கணும்ல."

"பொம்பளப் புள்ள ஒத்தையில கப்பல்ல போவியா? தொணைக்கு வாரேன்."

கொழும்புக்கு நான் வந்ததும் ஒற்றையில்தான் என்பதை நினைவூட்டவில்லை. ஆக, அய்யா மகளைப் பார்க்க வரவில்லை. எனக்குத் துணைக்கு வந்தார். இதைக் கடையில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

தலைமன்னாரில் கப்பலேறினோம். கடல் கொஞ்சம் கோபமாக இருந்தது. பக்கத்தில் ஒரு சிங்களக் கிழவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னவோ புலம்பினாள். "புத்தர் பொறந்த நாட்டைக் கும்பிடப் போறேன். அவரு இந்தக் கரையிலயே பொறந்திருக்கலாம்ங்குது" என்று அய்யா எனக்கு மொழிபெயர்த்தார். பிறகு எலுமிச்சம்பழத்தை நறுக்கி அவள் மூக்கருகே பிடித்துக்கொண்டு, கரை தெரியும்வரை அந்தக் கிழவியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பெற்ற மகளிடம் வருஷக்கணக்காகப் பேசாத மனுஷனுக்கு, பெயர் தெரியாத கிழவியின் மீது எத்தனை கரிசனம் என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

தனுஷ்கோடிக் கரையில் சுங்க அதிகாரி காத்திருந்தார். அய்யா ஊருக்கென்று மாசி கொண்டுவந்திருந்தார். மாசி என்பது மீன்தான். காயவைத்துக் காயவைத்து, மீன் என்பதையே மறந்துபோன மீன். அதிகாரி ஒரு துண்டை எடுத்து மேஜையில் தட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது, மரக்கட்டை?"

"கட்டையில்ல, மீனு."

"மீன் இப்படியா இருக்கும்?"

"ஒங்க மேசையும் ஒரு காலத்துல மரமாத்தான் இருந்துச்சு" என்றார் அய்யா.

அதற்குப் பிறகு எங்கள் பெட்டிகள் எல்லாம் திறக்கப்பட்டன. என் கொண்டை ஊசிகள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப்பட்டன. தொதல் என்ற இனிப்பைக் கத்தியால் கீறிப் பார்த்தார்கள். கத்தி அதிலேயே ஒட்டிக்கொண்டது. அதை மீட்டு முடிப்பதற்குள் போட் மெயில் ரயில் ஊதிவிட்டு, எங்களைத் தவிர எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அந்தச் சிங்களக் கிழவி ஜன்னல் வழியாக அய்யாவுக்குக் கையை ஆட்டினாள்.

பிளாட்பாரத்தில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். தாலுகா ஆபீசில் குமாஸ்தா. எங்களை வரவேற்கப் புதுக்கோட்டையிலிருந்து வந்தவர், முகம் வரவேற்கிற முகமாக இல்லை. கையில் தந்தி.

விஷயம் இதுதான். லூர்து மெட்ராஸில் கப்பலேறவில்லை. கொழும்பில் ஏறுகிறாள். அந்தக் கப்பல் முன்கூட்டியே கிளம்புவதால் மடத்தார் அவளை ஆகாய விமானத்தில் அனுப்புகிறார்கள். நாளை மெட்ராஸிலிருந்து புறப்பட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு மேல் திருச்சியில் கொஞ்ச நேரம் நின்று, கொழும்புக்குப் பறந்துவிடும்.

அய்யா தந்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் கடையிலயே குந்தியிருந்தா..."

"அவங்களே வந்திருப்பாங்க மாமா" என்றார் என் வீட்டுக்காரர். தாலுகா ஆபீசில் உண்மையை இப்படிப் பட்டென்று சொல்லிப் பழகியவர் அல்ல. அன்றைக்குப் பார்த்து வந்துவிட்டது.

அய்யா வந்த கடலையே திரும்பிப் பார்த்தார். பிறகு, "செபஸ்திக்குத் தொணைக்குத்தானே வந்தேன். அவ ஊரு சேந்தாச் சரி" என்றார். ஆனால் அடுத்த வாக்கியமே, "திருச்சிக்கு நாளைக்கு எப்பப் போயிச் சேரலாம் மாப்ளே?" என்று வந்தது.

அங்கே தொடங்கியது விவாதம். ரயிலா, டாக்சியா? தனுஷ்கோடியில் இந்த விவாதத்துக்கு இடமே இல்லை. அங்கே சாலை கிடையாது. பாம்பன் பாலத்தின் மேல் ரயில் மட்டும்தான் போகும். அதனாலெல்லாம் என் வீட்டு ஆண்கள் பின்வாங்குகிறவர்கள் அல்ல. சாயங்கால ரயிலில் உட்கார்ந்துகொண்டே, ரயிலில் போகலாமா கூடாதா என்று, அந்த ரயில் நின்றுவிடுகிற ராமநாதபுரம் வரை வாதாடினார்கள்.

என் வீட்டுக்காரர் ரயில் கட்சி. "தண்டவாளத்த விட்டு அது எங்கிட்டும் போகாது மாமா. காலையில பாசஞ்சர்ல ஏறுனா மானாமதுரை, காரைக்குடி, நேரா புதுக்கோட்டை. அங்கேருந்து திருச்சி ரோட்டுல பஸ்ஸப் புடிச்சா ஏரோப்ளேன் எறங்குற எடத்துக்குக் கிட்டயே எறங்கிரலாம்" என்றார்.

அய்யா டாக்சிக் கட்சி. "பாசஞ்சரு எந்த ஊர்ல ஆடு தெரிஞ்சாலும் நிக்கும். கார்க்காரன்னா நாம சொன்னா நிப்பான், போன்னாப் போவான். கொழும்புல நான் டாக்சியிலதான் போவேன்."

கொழும்பில் அவர் டிராமில்தான் போனார். நான் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். ஆனால் என் கட்சி எது என்று யாரும் கேட்காததால் வாயைத் திறக்கவில்லை. ராமநாதபுரத்துச் சத்திரத்தில் கொசுக்கள் இரண்டு கட்சிகளையும் சமமாக நடத்தின.

காலையில் வாசலில் ஒரு டாக்சி நின்றது. யுத்தத்துக்கு முந்தின கார். எந்த யுத்தம் என்று கேட்கவில்லை. அய்யா விடிவதற்குள் போய்ப் பேசிக் கூட்டிவந்துவிட்டார். மாமனாரை எதிர்த்துப் பேசும் மருமகன்கள் எங்கள் ஜாதியில் இல்லாததால் என் வீட்டுக்காரர் பெட்டிகளை ஏற்றினார். ஏற்றிய விதத்தில் அவர் அபிப்பிராயம் தெரிந்தது.

டிரைவர் பெயர் காதர். மரியாதையான மனுஷர். "பரமக்குடி வழி சுத்து வழிங்க மொதலாளி. நாம கடலோரமாப் போயிருவோம். தொண்டி, மீமிசல், அறந்தாங்கி. ரோடு கண்ணாடி கணக்கா இருக்கும்" என்றார். கண்ணாடிதான்; யாரோ கீழே போட்டு உடைத்த கண்ணாடி. தேவிபட்டினம் தாண்டுவதற்குள் என் எலும்புகள் ஒவ்வொன்றின் பேரும் எனக்குத் தெரிந்துவிட்டது. இடதுபக்கம் பனங்காடு, வலதுபக்கம் கடல், நடுவில் எங்கள் புழுதி.

மீமிசலில் கார் நின்றது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும் என்றார் காதர். தண்ணீர் வாங்கப் போனவர் ஒரு பனையோலைக் கூடையோடு வந்தார். கூடைக்குள் வால்கள் அசைந்தன.

"அறந்தாங்கியில மச்சினன் வீட்டுல விசேசம். வழியில குடுத்துட்டுப் போயிரலாம்" என்றார். கடலோர வழியின் ரகசியம் அப்போதுதான் விளங்கியது. "ரயில்ல மீன் ஏத்த விடமாட்டான்" என்றார் என் வீட்டுக்காரர், கடலைப் பார்த்துக்கொண்டு.

ஆனால் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். காதர் தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில் அங்கே ஒரு கூரைக் கடையில் இட்லியும் முந்தின நாள் மீன் குழம்பும் சாப்பிட்டோம். இலையில் விழுந்த அந்தக் குழம்புக்காக மட்டும் நான் டாக்சிக் கட்சிக்கு ஒரு ஓட்டுப் போடுவேன். கடைக்கார அம்மாள் அய்யாவின் இலையைப் பார்த்து, "என்னங்க, தொடவேயில்ல?" என்று கேட்டாள். "வயிறு சரியில்ல தாயி" என்றார் அய்யா. கப்பலில் அத்தனை ஆட்டத்திலும் அசையாத வயிறு அது.

அறந்தாங்கியில் மீனைக் கொடுத்தோம். விசேஷ வீட்டில் மோர் குடிக்காமல் போகக் கூடாது என்றார்கள். குடித்தோம். பிறகு காதர், அரிமளம் வழியாகப் போனால் இன்னும் கிட்டம் என்றார். அரிமளத்துக்குச் சற்று முன்னால் ஒரு டயர் பெருமூச்சு விட்டது.

"ஸ்டெப்னி இருக்குல்ல?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"அதுதாங்க இது" என்றார் காதர், பெருமூச்சு விட்ட டயரைக் காட்டி.

நடுச்சாலையில் டியூபைக் கழற்றி ஒட்டுப் போட்டார். வேலியோரத்தில் கருவ மரத்து நிழல் ஒரு கைக்குட்டை அளவுக்கு இருந்தது. அதில் நான் நின்றேன். அய்யா நிழலுக்கு வரவில்லை. கடிகாரத்தை எடுப்பதும் பையில் போடுவதுமாகச் சாலையில் நடந்தார். என் வீட்டுக்காரர், இந்நேரம் பாசஞ்சர் எந்த ஸ்டேஷனில் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். செட்டிநாடு, திருமயம் என்று அவர் சொல்லச் சொல்ல, அய்யாவின் முகம் ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சுருங்கியது. எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

"போதும்ங்க" என்றேன். அந்த இரண்டு நாளில் நான் பேசிய முதல் அரசியல் அதுதான். அவர் அய்யாவைப் பார்த்தார். காற்றடிக்கும் பம்பைக் காதரிடமிருந்து வாங்கித் தானே அடித்தார்.

புதுக்கோட்டைக்குள் நுழைந்தோம். எங்கள் தெரு முனையைத் தாண்டினோம். என் வீட்டு வாசல் தெரிந்தது. நான் கிளம்பிய அன்று காயப்போட்ட சேலை இன்னும் கொடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அவசரமாக மறுபக்கத்து ஜன்னலைப் பார்த்தார். இறங்கி ஒரு வாய் தண்ணீர் குடிக்க நேரமில்லை. கணவனோடு சண்டை போட அதைவிட இல்லை.

திருக்கோகர்ணம் பக்கத்து ரயில்வே கேட் மூடியிருந்தது. காதர் என்ஜினை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் ஊதிக்கொண்டு வந்தது நாங்கள் வேண்டாம் என்று விட்டுவந்த அதே பாசஞ்சர். பெட்டி பெட்டியாக எங்கள் முன்னால் நிதானமாகப் போனது. ஜன்னலில் ஒரு அம்மாள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். இந்த ரயிலில் வந்திருந்தால் சற்றுமுன் புதுக்கோட்டையில் இறங்கி, இந்நேரம் பஸ்ஸில் உட்கார்ந்திருப்போம். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் மீது எனக்கு அவ்வளவு மதிப்பு வந்தது அப்போதுதான்.

கேட் திறந்தது. கார் கிளம்பவில்லை. காதர் முன்னால் போய்க் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். கார் ஒருமுறை செருமிவிட்டு அடங்கியது. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஒலியெழுப்பின. அதில் திருச்சி போகிற பஸ்ஸும் ஒன்று. அந்தப் பஸ்காரர்களே இறங்கி வந்து எங்கள் காரைத் தள்ளி ஓரத்தில் விட்டார்கள். காதர் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுக்கங்க மொதலாளி. நீங்க பஸ்ஸுல ஏறுங்க, பெட்டிய நான் தூக்கிப் போடுறேன்" என்றார். நாங்கள் ஏறினோம். மாசியும் மேலே ஏறியது.

இரண்டு நாளாக வாதாடியது ரயிலுக்கும் டாக்சிக்கும். கடைசியில் நாங்கள் போனது பஸ்ஸில், அதுவும் நின்றுகொண்டு. அய்யா ஒரு கோழிக் கூடைக்கும் ஒரு சாக்குக் கடலைக்கும் நடுவே நின்றார். கண்டக்டரிடம் ரூபாயைக் கொடுத்து, திருப்பிக் கொடுத்த நயா பைசாக்களை எண்ணாமலே பையில் போட்டார். அவர் காசை எண்ணாமல் வாங்கி நான் பார்த்ததில்லை.

கீரனூரில் பஸ் நின்றது. டிரைவர் டீ குடிக்க இறங்கினார். கண்டக்டரும் இறங்கப் போனார். அப்போது அய்யா அவர் கையைப் பிடித்தார்.

"தம்பி, கொஞ்சம் வெரசாப் போகணும்யா."

"எல்லாருக்கும் வெரசாத்தான் போகணும் பெரியவரே. வண்டி இங்க நிக்கிற நேரம்னு இருக்குல்ல?"

"என் மக ஏரோப்ளேன்ல போறா. ஆப்பிரிக்காவுக்கு. திருச்சியில கொஞ்ச நேரந்தான் நிக்குமாம்." அய்யா பிடித்த கையை விடவில்லை. "நான் அவகிட்டப் பேசி ரொம்ப வருசமாச்சு தம்பி."

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கோழிகூடக் கழுத்தை நீட்டியது. முன் சீட்டில் இருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து, "இந்தாங்க, ஒக்காருங்க" என்றாள். கண்டக்டர் அய்யாவை ஒரு நிமிஷம் பார்த்தார். "இத ஏறும்போதே சொல்றதுக்கென்ன?" என்று அவரையே அதட்டிவிட்டு விசிலை ஊதினார். டீக்கடையில் டம்ளரை வாயருகே கொண்டுபோன டிரைவர் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, வாங்க. டீய திருச்சியில குடிச்சுக்கலாம்!" டிரைவர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார்.

அதன்பிறகு அந்தப் பஸ் போன வேகத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. அவர்கள் லைசென்ஸ் பத்திரமாக இருக்கட்டும். இறங்க வேண்டியவர்கள்கூட, "பரவாயில்ல, திரும்பி வாரப்ப எறங்கிக்கிறேன்" என்றார்கள். தூரத்தில் ஓடுதளம் தெரியும்போது விமானம் எங்கள் தலைக்குமேல் தாழ்வாக இறங்கியது. அய்யா எழுந்து நின்று மேலே மண்டையை இடித்துக்கொண்டார். விமான நிலைய வாசலில் பஸ் நிற்கிற இடம் கிடையாது. நின்றது.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பயணிகள் சுங்கத்துக்காக இறங்கி நின்றார்கள். வெள்ளை அங்கியில் லூர்து. கையில் தகரப் பெட்டி. எங்களைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு வேலியண்டை ஓடிவந்தாள்.

"அய்யா! நீங்க எப்புடி இங்க?"

அய்யா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். இத்தனை வருஷத்துக்கான பேச்சு அவரிடம் சேர்ந்து கிடந்திருக்கும். எதை முதலில் எடுக்கப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எளச்சுப் போயிட்டே" என்றார். "மடத்துல சோறு போடுறாங்களா இல்லையா?"

"போடுறாங்க அய்யா." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "கொழும்புல நீங்க இருப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க பேசாட்டியும், கடை வாசல்ல நின்னு பாத்துட்டாவது கப்பலேறிரலாம்னு இருந்தேன்."

"எப்பக் கப்பலு?"

"நாளைக்குச் சாயங்காலம்."

அய்யா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விமானத்தைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே. அந்த ஏரோப்ளேன்ல எடம் இருக்குமா?"

என் வீட்டுக்காரர் ரயில் மனுஷர். எந்தக் கேள்விக்கும் இரண்டு பக்கமும் ஆராயாமல் பதில் சொன்னவர் அல்ல. அன்றைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கவுண்டரில் இருந்தவரிடம் என்ன சொன்னாரோ, கையெடுத்துக் கும்பிட்டது மட்டும் எனக்குத் தெரிந்தது. திரும்பி வந்து, "ஒரு எடம் இருக்கு மாமா" என்றார்.

அய்யாவின் காகிதங்கள் சட்டைப் பையிலேயே இருந்தன. நேற்றுத்தான் முத்திரை குத்தியது. அதிகாரி பார்த்துவிட்டு, "நேத்துத்தானே இந்தியாவுக்குள்ள வந்தீங்க? அதுக்குள்ள என்ன?" என்றார்.

"வந்த சோலி முடிஞ்சிருச்சு" என்றார் அய்யா.

லூர்து வேலிக்குள் என் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "அக்கா" என்றாள். அதற்குள் கூப்பிட்டார்கள். விமானத்தை நோக்கி அவர்கள் நடந்தபோது அவளுடைய தகரப் பெட்டி அய்யாவின் கையில் இருந்தது. அவள் வாங்கப் பார்த்தாள். அவர் கொடுக்கவில்லை. என்னவோ கடிந்துகொண்டார். அவளும் பதிலுக்கு என்னவோ சொன்னாள். படியேறி உள்ளே மறையும்வரை இரண்டு பேரும் வாயாடிக்கொண்டே போனார்கள்.

சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தோம். பக்கத்து வீட்டுக்காரம்மா பெட்டிகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"வாங்க டீச்சர். அய்யாவக் கூட்டியாரத்தானே போனீங்க? எங்க அவரு?"

"கொழும்புல."

"அடப்பாவமே. வரமாட்டேன்னுட்டாரா?"

"வந்தாரு. போயிட்டாரு."

அவள் குழம்பிப் போய் என் முகத்தைப் பார்த்தாள். ஊரார் கேள்விக்கெல்லாம் குத்தலாக ஒரு பதில் என் நாக்கு நுனியில் எப்போதும் இருக்கும். அன்றைக்கு அதற்குப் பதில் ஒரு மாசித் துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"நல்லாத்தானே இருக்காரு?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்காருங்க" என்றேன்.